செனாப் ஓட்டலுக்கு அரை மார்க் குறைவு

— சுவரைப் பாத்து உக்காந்துட்டா யாருக்கும் தெரியாதா மாமா? உங்க வழுக்கையைப் பார்க்லேண்ட்ஸ்ல எந்த ஜைன வீட்டுக்குத் தெரியாது?

— போலே போலே, மெதுவாப் பேசு ஜிக்னா. சமாஜத்துச் செயலாளர் ரதிலால் ஷா பட்டப்பகல்ல பாகிஸ்தானி ஓட்டல்ல உக்காந்திருக்கான்னு பொழுது சாயறதுக்குள்ள நைரோபி பூரா பேச்சாயிடும்.

— ஆகட்டுமே. "நம்மவர் யாரும் அவங்க கடையில கை நனைக்க வேண்டாம்"னு சுற்றறிக்கை விட்டீங்களே, கையெழுத்து உங்களோடதுதானே? வேண்டாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள வந்து பாத்திருக்கலாம் இல்ல?

— பாத்தாச்சு. நாற்காலி நல்லாருக்கு, மின்விசிறி சுத்துது. போலாமா? உன் கட்டுரையைப் பத்திப் பேசணும்னா என் ஆபீசுல பேசுவோம்.

— உங்க ஆபீசுல நீங்க பேசுவீங்க, நான் தலையாட்டணும். அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். மூணு மணிக்கு அச்சகத்துக்குச் சமாஜப் பத்திரிகை போகணும். பக்கமெல்லாம் என் லேப்டாப்புல இருக்கு. எட்டாம் பக்கத்தைத் தூக்குன்னு போன்ல சொல்லிட்டு வச்சிட்டீங்க. ஏன் தூக்கணும்? அதைச் சொல்லுங்க.

— ஏன்னு உனக்கே தெரியும்.

— எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும்.

— என்னத்தச் சொல்ல? "நம்ம தெருவுல சைவம் சாப்பிடுறவங்களுக்கு எந்த ஓட்டல்"னு ஒரு பக்கம் எழுதித் தான்னேன். நாலு படம், நாலு நல்ல வார்த்தை, எல்லாரும் சந்தோஷமாப் போயிருப்பாங்க. நீ என்னடான்னா பரீட்சைத் தாள் திருத்துற வாத்தியார் மாதிரி மார்க் போட்டு வச்சிருக்கே. பாகிஸ்தானி ஓட்டலுக்குப் பத்துக்கு ஒம்பதரை. முனைக் கடைக்கு ஆறு. நம்ம கேசர் பவனுக்கு மூணு!

— முனைக் கடைக்கு ஆறே அதிகம். அவன் சாம்பார் குஜராத்திக்கே இனிக்குது, பாத்துக்கங்க. ஆனா சுத்தம். யாரையும் ஏமாத்தல.

— நான் கேசர் பவனைக் கேக்கறேன்.

— அதைத்தான் நானும் கேக்கறேன். வாசல்ல ஆளுயரத்துக்கு "சுத்த சைவம்"னு போர்டு. பின்கட்டுக்கு என்னிக்காவது போயிருக்கீங்களா? பக்கத்துல பார் இருக்கே, அதுக்கும் இதுக்கும் அடுக்களை ஒண்ணு. முதலாளி ஒருத்தர், பேரு ரெண்டு. நம்ம பொம்பளைங்க கோயில்ல கும்பிட்டுட்டு நேரா வந்து வாங்குற வாழைக்காய் பஜ்ஜி இருக்கே, அது வேகுற எண்ணெயிலதான் மீன் வேகுது. கண்ணால பாத்தேன். படம் வச்சிருக்கேன்.

— உன்னை யாரு பின்கட்டுக்கெல்லாம் போகச் சொன்னது?

— முன்கட்டைப் பாத்து மார்க் போட நான் என்ன பெயின்டரா? இன்னும் கேளுங்க. நான் ரொட்டி மாவுல முட்டை. கேட்டா, "முட்டை வேலைக்காரங்களுக்கும்மா"ங்கறார். வேலைக்காரங்க நாலு பேர், அடுக்கி வச்சிருக்கறது பத்து அட்டை. நாலு பேரும் முட்டையிலயே குளிப்பாங்க போல.

— ஜிக்னா, அது தர்மிஷ்டா வாழப் போற வீடு.

— ஆங், வந்துருச்சு. அடுத்த மாசம் உங்க பொண்ணு அந்த வீட்டு மருமக. அதனால மீன் எண்ணெயெல்லாம் கங்கை ஜலம். வெங்காயம் தொடமாட்டேன், பூண்டு தொடமாட்டேன்னு மேடையில பேசிட்டு, ராத்திரி மோகோ மரவள்ளிக் கிழங்கு வறுவல் மூணு தட்டு ஏத்துற உங்க சம்பந்திக்காக நான் பொய் எழுதணும்.

— சரி. அப்படியே வச்சுக்க. சம்பந்திக்காகத்தான். போதுமா? இப்ப பக்கத்தைத் தூக்கு.

— வாங்க வாங்க! ஜிக்னா மகளே, உனக்கு எப்பவும் போல எலுமிச்சைச் சாறு. ரதிலால் பாய், இது உங்களுக்கு. டீ. சர்க்கரை இல்ல, இஞ்சி இல்ல. ஏலக்காய் மட்டும் தட்டிப் போட்டிருக்கு.

— ஒரு நிமிஷம் ஷௌகத் பாய். இவருக்குச் சர்க்கரை ஆகாது, மண்ணுக்கு அடியில விளையறதால இஞ்சியும் தொடமாட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது? இவர் இந்தக் கடைப் படி மிதிச்சதே இன்னிக்குத்தான்.

— அது... முப்பது வருஷமா மேசை மேசையா நிக்கறேன் மகளே. ஆளோட முகத்தைப் பாத்தாத் தெரிஞ்சிடும்.

— முகத்துல இஞ்சி கூடவா தெரியுது?

— நல்ல வெளிச்சத்துல பாத்தாத் தெரியும். சாப்பாடு என்ன கொண்டு வரட்டும்?

— எனக்கு எதுவும் வேண்டாம் ஷௌகத் பாய். டீயே போதும்.

— போகாதீங்க ஷௌகத் பாய். நேத்து என்கிட்ட சொன்னதை இவர் முன்னாடி சொல்லுங்க.

— விடு மகளே. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அழுது காட்டுறது எங்க வழக்கமில்ல.

— நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன், அதுவும் சத்தமா.

— சொல்றேன், சொல்றேன். முன்னெல்லாம் மத்தியானத்துக்கு சைவ அடுப்புல எம்பது தட்டு போகும் ரதிலால் பாய். உங்க சமாஜத்து ஆளுங்க, பட்டேல்ங்க, பஞ்சாபிங்க, ஆஸ்பத்திரி டாக்டருங்கன்னு. அந்தக் காகிதம் வந்த பிறகு பன்னெண்டு போனா பெரிசு. கறி நிஹாரிக்குக் கூட்டம் குறையல, அல்லா புண்ணியத்துல. பருப்புக்குத்தான் ஆளில்ல. மாசக் கடைசியோட அந்த அடுப்பை அணைச்சிடலாம்னு மகன் ஒத்தைக் கால்ல நிக்கறான். உங்களைக் குறை சொல்லல. ஊரோட ஒத்துப் போகணும், எனக்கும் புரியும்.

— புரிய வேண்டாம் ஷௌகத் பாய்! புரிஞ்சு புரிஞ்சுதான் எல்லாரும் நாசமாப் போனோம். கேட்டீங்களா மாமா? அதுக்குத்தான் எழுதினேன். எட்டாம் பக்கம் வந்துச்சுன்னா இந்த அடுப்பு எரியும். வரலன்னா அணையும். உங்க சம்பந்தி மீன் எண்ணெயில பஜ்ஜி போட்டு நல்லாருப்பார், இங்க ஒழுங்கா சமைக்கறவங்க வீட்டுக்குப் போவாங்க.

— நான் போய் பருப்பை எடுத்துட்டு வரேன். பேசுங்க. ஆனா கொஞ்சம் மெதுவா, மகளே. உள்ள வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும்.

— ஜிகு...

— ஜிகுன்னு கூப்பிடாதீங்க. அது எங்கம்மா மட்டும் கூப்பிடற பேரு.

— சரிம்மா, ஜிக்னா. கேளு. பக்கத்தைத் தூக்க வேண்டாம். போடு.

— என்னது?

— போடு. கேசர் பவனுக்கு மூணு மார்க்கும் இருக்கட்டும். மீனு, முட்டை எல்லாம் இருக்கட்டும். சம்பந்தி என்னைக் கிழிப்பார், தர்மிஷ்டா அழுவா. நான் பாத்துக்கறேன். இந்த செனாப் ஓட்டலைப் பத்தி எழுதியிருக்கியே, அதுல மூணாவது பத்தியை மட்டும் எடுத்துடு.

— மூணாவது பத்தியா? அதுல திட்டே இல்லையே. ஒரு சின்னக் குறை தவிர பூரா பாராட்டு.

— அந்தப் பாராட்டைத்தான் எடுன்னு சொல்றேன்.

— மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு? சொந்த சம்பந்தியைச் சந்தியில நிறுத்தறேன், பரவாயில்லங்கறீங்க. அடுத்தவர் சமையலறை சுத்தம்னு சொன்னா வேண்டாங்கறீங்க. பாகிஸ்தானிக்காரர் நல்லவர்னு அச்சுல வந்துடக் கூடாது, அதானே?

— அந்தப் பத்தியைப் படி.

— எதுக்கு? நான் எழுதினது எனக்குத் தெரியும்.

— வாய் விட்டுப் படி. உன் பாட்டுக்கு எழுதிட்டே, ஒருதரம் கேட்டுப் பாரு.

— சரி. "இங்கே சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி வாணலி, தனிக் கரண்டி. குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டியே பிடிக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குச் சைவ அடுப்பு அணைந்துவிடுகிறது. காரணம் கேட்டால் புன்னகைதான் பதில். ஒரே ஒரு குறை. மூன்றாம் தேதியும், ஒன்பதாம் தேதியும், பதினெட்டாம் தேதியும் சுகுமாக் கீரை கேட்டேன், இல்லை என்றார்கள். மற்ற நாட்களில் கிடைத்தது. சந்தையிலிருந்து காய்கறி வருவதில் ஒழுங்கு போதாது. அதற்காக அரை மார்க் குறைக்கிறேன்." இதுல என்ன இருக்கு?

— நீ என்ன படிச்சே காலேஜ்ல?

— புள்ளியியல். அதுக்கென்ன?

— மூணு தேதியை எழுதி வச்சிருக்கே. ஏன் அந்த மூணு தேதின்னு யோசிக்கல. இந்தா, பை காலண்டர். கோயில்ல குடுத்தது, உன் பையிலயும் ஒண்ணு இருக்கும். மூணாம் தேதி என்ன போட்டிருக்கு?

— அஷ்டமி.

— ஒம்பது?

— சதுர்தசி. பதினெட்டு... திரும்பியும் அஷ்டமி.

— அஷ்டமி, சதுர்தசியில நம்ம வீடுகள்ல பச்சைக் காய் நறுக்குவாங்களா? கீரை வேகுமா?

— இல்ல.

— பொழுது சாஞ்சப்புறம் அடுப்பு மூட்டுவாங்களா?

— இல்ல.

— குழாயில துணி கட்டாம தண்ணி பிடிப்பாங்களா?

— லாகூர்லேர்ந்து வந்தவருக்கு இதெல்லாம்... நான் அவர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார்னு நெனச்சேன்.

— பத்திரிகை எண்ணூறு வீட்டுக்குப் போகுது. நீ காரணம் கேட்டுப் புன்னகை வாங்கிட்டு வந்தே. நம்ம பொம்பளைங்க நாலு வரி படிச்சா போதும், அந்த அடுப்புக்கிட்ட நிக்கறது யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. இஞ்சி போடாத டீயையும் நீ இப்பக் கண்டுபிடிச்சிட்டே.

— நம்ம ஆளு. உள்ள சமைக்கறது ஒரு ஜைனப் பொம்பளை.

— மெதுவா.

— அதனாலதான் ஷௌகத் பாய் எனக்கு அடுக்களையைச் சாயங்காலம் ஆறரைக்குக் காட்டினார். அடுப்பு அணைஞ்சு, ஆள் போனப்புறம். உங்களுக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்.

— பதினோரு வருஷமா.

— அந்த டீ... நீங்க இங்க வருவீங்க!

— மாசத்துக்கு ஒருதரம். பின்வாசல் வழியா. நல்லாருக்காங்களான்னு பாத்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடுவேன்.

— பின்வாசல்ல டீ குடிச்சிட்டு, முன்வாசல்ல சுற்றறிக்கை ஒட்டினீங்க. த்தூ. அவங்க பொழைப்புல மண்ணைப் போடறதுக்கு உங்க கையாலயே கையெழுத்து.

— கமிட்டியில பதினோரு பேர். ஒம்பது பேர் கை தூக்கிட்டாங்க. நான் மட்டும் வேண்டாம்னு நின்னா, உனக்கு அந்த ஓட்டல்மேல என்ன அக்கறைன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்ல?

— உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே!

— உனக்கு உண்மை சுலபம். உன்கிட்ட ஒரு பட்டம் இருக்கு, ஒரு லேப்டாப் இருக்கு, இருபத்திமூணு வயசு. அவங்ககிட்ட என்ன இருக்கு? புருஷன் செத்தான். கடை போச்சு. நாலாவது படிச்ச பொம்பளைக்கு ரொட்டி தேய்க்கத்தான் தெரியும். நம்மவங்க எத்தனை பேர் வீட்டுல வேலை கேட்டாங்க தெரியுமா? காக்ரா ரொட்டி தேய்க்கச் சொல்லிட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு, புண்ணியம்னு சொல்லி வெறுங்கையா அனுப்பினாங்க. வேலைன்னு குடுத்தது இந்தக் கடை ஒண்ணுதான்.

— அப்ப அதை எழுதுவேன். இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் இருக்கு. மூணாவது பத்தியை எடுக்கறதா? முதல் பத்தியாப் போடறேன். அவங்க பேரு, படம், பதினோரு வருஷம், எல்லாம். அட்டையிலயே போடறேன். பேரைச் சொல்லுங்க.

— முடியாது.

— ஏன்?

— வாக்குக் குடுத்திருக்கேன். அவங்களுக்குன்னு கோயில் சமையலறையில ஒரு இடம் இருக்கு ஜிக்னா. விரத நாள்ல எல்லாரும் அவங்க கைச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க. இந்தப் பக்கம் நிஹாரி கொதிக்கிற கூரைக்கு அடியில நிக்கறவங்கன்னு தெரிஞ்சா, அந்த வாசப்படி தாண்ட விடமாட்டாங்க.

— யார் விடமாட்டாங்க? நான் சொல்லட்டுமா? முதல் ஆளா நின்னு தடுக்கறது எங்கம்மாவாத்தான் இருக்கும்.

— ஜிக்னா, வேண்டாம்.

— உண்மையைத்தானே சொல்றேன். உங்க தங்கச்சின்னா சுடுதோ? நான் காலேஜ்ல முட்டை போட்ட கேக் ஒரு துண்டு தின்னதுக்கு என்னை மூணு தரம் குளிக்க வச்சவங்க. நான் இங்க சாப்பிடறேன்னு தெரிஞ்சா என் தட்டைத் தனியா வச்சிருவாங்க. காலையில ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போறேன்னு கிளம்பினா பொழுது சாயத்தான் வீடு. கோயில், கோயில், கோயில். எங்க குடும்பத்துல பட்டம் வாங்கின முதல் ஆள் நான். மண்டபத்துல நாலாவது வரிசையில காலி நாற்காலி. கேட்டா, "கோயில்ல விசேஷம், விட்டு வர முடியல"ன்னாங்க. இந்த மாதிரி ஒரு பொம்பளை மானத்தோட உழைச்சு நிக்கறாங்கன்னு அவங்ககிட்ட சொன்னா, பக்கத்துல உக்காரக் கூட மாட்டாங்க.

— போதும்! உங்கம்மாவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதே. இங்க பேசாதே.

— இங்கன்னா என்ன? எங்க பேசினா என்ன?

— பருப்பு மகளே. சூடா இருக்கு. கொஞ்சம் நகந்துக்க. ரதிலால் பாய், உங்க டீ அப்படியே இருக்கே.

— ஷௌகத் பாய், உள்ள சமைக்கறவங்களை நான் பாக்கணும். மாமா பேரைச் சொல்லமாட்டார். நானே கேட்டுக்கறேன். எழுதலாமா வேண்டாமான்னு அவங்க வாயால சொல்லட்டும். வேண்டாம்னு அவங்க சொன்னா பக்கத்தையே கிழிச்சுப் போட்டுடறேன்.

— அந்தக் கதவுக்குள்ள மட்டும் போகாதே மகளே. வேலைக்குச் சேந்த அன்னிக்கு அவங்க என்கிட்ட வாங்கின சத்தியம் அது ஒண்ணுதான்.

— யாரும் பாத்துடக் கூடாதுன்னா?

— யாரும்னு சொல்லல.

— பின்ன?

— மகளே, நீ உக்காரு. முதல்ல அந்தத் தண்ணியைக் குடி.

— யார் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க ஷௌகத் பாய்? மாமா, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? அங்க என்ன பாக்கறீங்க?

— ஷௌகத் பாய், வழியை விடுங்க. கதவை உள்ளேர்ந்து அவளேதான் திறக்கறா.

— அன்னிக்கு அஷ்டமிடி ஜிகு. அதுக்குப் போயா அரை மார்க்கைக் குறைச்சே?